முப்பிடாதிக்கு நூற்று நாற்பத்திரண்டு

சங்கிலிப்பாண்டி தம் வாழ்நாளில் தோற்ற பரீட்சை ஒன்றே ஒன்றுதான், எட்டாம் வகுப்புக் கணக்கு. அதற்கும் இன்றுவரை வாத்தியாரைத்தான் குற்றம் சொல்வார். மற்றபடி பட்டாளத்தில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் ஓட்டமா, கயிறு ஏறுவதா, குறி பார்த்துச் சுடுவதா, கண்ணா, காதா, பல்லா, எதைச் சோதித்தாலும் தேறியவர். ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபிறகு தம்மைச் சோதிக்க ஆள் இல்லாத குறையை மற்றவர்களைச் சோதித்துத் தீர்த்துக்கொண்டார். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு இஞ்சு டேப் இருக்கும். எதிரே வருகிறவன் கொஞ்சம் நின்றால் போதும், அவன் நெஞ்சைச் சுற்றி டேப் ஏறிவிடும். "இழு... பிடி... நாலரைதான் விரியுது. இன்னும் அரை சென்டி வேணும்லே" என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டாயா என்று கேட்பார்.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, ஊர் அப்படி. தென்காசியிலிருந்து சுரண்டை போகும் சாலையில் இறங்கி உள்ளே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் பாறைக்குளம். வீட்டுக்கு ஒருவர் போலீஸ் அல்லது பட்டாளம். அதுவும் வாய்க்காதவர்கள் சென்னையில் ஏதாவது ஒரு ஏ.டி.எம். வாசலிலாவது தொப்பி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை பிறந்தால் முதலில் நீளம் பார்ப்பார்கள், அப்புறம்தான் ஜாதகம். அந்த ஊரில் எந்தக் கெட்ட வார்த்தையை வேண்டுமானாலும் சொல்லிவிட்டு, அதே ஆளோடு உட்கார்ந்து டீ குடிக்கலாம். 'அன்ஃபிட்' என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள்.

காலையில் ஊர் மைதானத்தில், ஆள் எடுப்புக்குப் போகிறவர்களை ஓட விடுவது சங்கிலிப்பாண்டியின் வேலை. கழுத்தில் விசில் தொங்கும். ஆனால் போன தை மாதத்திலிருந்து அவர் விசில் ஊதுவதில்லை, கையைத் தட்டுகிறார். கேட்டதற்கு, விசில் சத்தத்துக்குத் தெருநாய்கள் மிரளுகின்றன என்றார். தெருநாய்கள் மேல் அவருக்குத் திடீரென்று வந்த இந்தக் கரிசனத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஊருக்கு மேற்கே கல் குவாரியும், அதை ஒட்டியே கல் உடைக்கிற கிரஷரும் வந்தன. குன்றாக இருந்தது ஜல்லியாகவும் எம் சாண்டாகவும் லாரியில் ஏறிப் புளியறை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளாவுக்குப் போக, பொடி மட்டும் ஊர்ப்பாசம் விடாமல் இங்கேயே தங்கிவிட்டது. ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வரும். எல்லாருக்கும் ஒரே காற்றுதான். குற்றாலத்தில் சாரலைப் போடும், மேலகரத்தில் குளிரைப் போடும், பாறைக்குளத்துக்கு வரும்போது கிரஷரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவதால் தூசியைப் போடும். எங்கெங்கிருந்தோ கார் பிடித்து வருகிறவர்கள் அந்தக் காற்றில் நனைந்து சிலிர்த்துவிட்டுப் போக, இந்த ஊர்க்காரர்கள் அதே காற்றில் வெளுத்துப் போய் நின்றார்கள். எருமைகள் எல்லாம் நரைத்துவிட்டன. கோயிலில் பூசாரி திருநீறு கொடுக்கும் முன்பே எல்லார் நெற்றியிலும் இருந்தது.

சங்கிலிப்பாண்டியின் மனைவி முப்பிடாதிக்கு வயது ஐம்பத்தெட்டு, உயரம் நாலடி பத்து அங்குலம். (அளந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.) வீட்டு வாசலிலிருந்து அடிபம்புக்கு இருபது தப்படி. அதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்திருப்பாள். இருமல் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அது முடிகிறவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவர் அதை வயசுக் கோளாறு என்றுதான் நினைத்திருந்தார். போன ஆடியில் இருவரும் குற்றாலத்துக்குப் போனார்கள். ஐந்தருவியில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வெளியே வந்த முப்பிடாதி, தலை துவட்டத் துண்டு எடுத்து வராததற்காக அவரைத் திட்டினாள். கல்யாணமான வருஷத்திலிருந்து ஆரம்பித்து, துண்டு வரைக்கும், ஒரே மூச்சில் திட்டி முடித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சங்கிலிப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் அவள் திட்டுவதே நின்று நின்றுதான், ஒரு வரி திட்டிவிட்டு இருமுவாள், அடுத்த வரிக்குள் என்ன திட்டினோம் என்பதே மறந்துபோகும். அவள் அப்படி முழுசாகத் திட்டிக் கேட்டு மூன்று வருஷம் ஆகிறது என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

ஊர் திரும்பியதும் நேராக உமாராணி வீட்டுக்குப் போனார். உமாராணி அந்த ஊர் மருமகள், வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்க்கிற சுகாதாரத் தன்னார்வலர். அவள் ஏற்கெனவே ஒரு நோட்டில் கணக்கெடுத்து வைத்திருந்தாள். வளர்ந்த ஆட்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரில் முப்பத்தொரு பேருக்கு இருமலும் இளைப்பும். போதாக்குறைக்கு, இரண்டாவது கிரஷர் வைக்கக் கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது என்றும் சொன்னாள். இருவருமாக மனு எழுதினார்கள். திங்கள்கிழமை மனு நாளில் சங்கிலிப்பாண்டி தேய்த்த சட்டையும் மெடலுமாகத் தென்காசி கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கொடுத்துவிட்டு, ஒரு சல்யூட்டும் அடித்துவிட்டு வந்தார்.

பதில் வந்தது. மருத்துவக் குழு ஊருக்கு வந்து எல்லாருடைய மூச்சையும் சோதிக்கும்.

"ஒரு குழாய்ல ஊதச் சொல்லுவாவ மாமா. நெஞ்சுல எவ்வளவு மூச்சு இருக்குன்னு மிஷின் சொல்லும்" என்று உமாராணி விளக்கினாள். "குறைச்சலா இருக்கவுகளுக்கு மருந்து அட்டை குடுப்பாவ. நெறைய பேருக்குக் குறைச்சல்னா, மூடி போட்டு, தண்ணி தெளிச்சுத்தான் கிரஷரை ஓட்டணும்னு உத்தரவு வரும். ரெண்டாவது கிரஷரும் வராது."

சங்கிலிப்பாண்டி கவனமாகத்தான் கேட்டுக்கொண்டார். கேட்டதெல்லாம் மறுநாள் டீக்கடை வரைக்கும் நினைவில் இருந்தது. அங்கே கிரஷர் மேனேஜர் கௌரிசங்கர் நின்றார். மூக்கில் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு டீ குடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

"வரட்டும் அண்ணாச்சி, கேம்ப் வரட்டும்" என்றார் கௌரிசங்கர். "தூசியா பீடியான்னு அப்பத் தெரிஞ்சுரும். ஒங்க ஊரு நெஞ்சு லட்சணம் மிஷின்ல வந்துரும்லா."

அவ்வளவுதான். மருந்து அட்டை, மூடி, தண்ணீர், இரண்டாவது கிரஷர் எல்லாம் சங்கிலிப்பாண்டியின் மண்டையிலிருந்து பறந்துபோயின. 'நெஞ்சு லட்சணம்' மட்டும் தங்கியது. எந்த ஊர் நெஞ்சைப் பார்த்துச் சொல்கிறான்? சோதனை என்று வந்தபிறகு பாறைக்குளத்தான் தோற்பதா? நாளைக்கு ஆள் எடுப்பில் 'அந்த நெஞ்சுச்சீக்கு ஊரா' என்று கேட்டு நம் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டால்? புத்திசாலிகள் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் இழுத்துப் பிடித்திருப்பார்கள். உமாராணி அந்த வாரம் பார்த்துத் திருநெல்வேலிக்கு மூன்று வாரப் பயிற்சிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஊரே மைதானத்தில் நின்றது. கேஸ் அடுப்பு வந்தபிறகு பரணில் போட்டிருந்த ஊதாங்குழல்களை எல்லாம் எடுத்து வரச் சொல்லியிருந்தார். ஆளுக்கொரு ஊதாங்குழல், ஆளுக்கொரு குவியல் சாம்பல். "வயித்துல இருந்து இழுக்கணும். மடேர்னு விடணும். பாதியில நிறுத்தப்பிடாது. ஊதுங்க." நூறு பேர் ஊதியதில் கிளம்பிய சாம்பலைப் பார்த்துக் கிரஷர் வாட்ச்மேன் ஊரில் தீப்பிடித்துவிட்டதாக நினைத்து ஓடிவந்தான்.

டிராக்டர் ஓட்டுகிற இசக்கிதுரை மட்டும் மைதானத்துக்கு வரவே பயந்தான். ஊதச் சொல்கிறவர்கள் போலீஸ்காரர்கள்தான், எதற்கு ஊதச் சொல்வார்கள் என்பதும் அவனுக்கு அனுபவத்தில் தெரியும். முன்னெச்சரிக்கையாக நாலு நாள் குடிக்காமல் இருந்தான், முகாம் அன்றைக்கும் டிராக்டரோடு காணாமல் போய்விட்டான். அந்த முகாமால் ஊருக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான் என்று அவன் பெண்டாட்டி இன்னமும் சொல்கிறாள்.

நாலு நாள் பயிற்சிக்குப் பிறகும் பதினாலு பெண்களால் சாம்பலை அசைக்கக்கூட முடியவில்லை. முப்பிடாதி அதில் முதல். ஊதாங்குழலை வாயில் வைத்ததும் இருமல் வந்து, சாம்பல் அவள் முகத்துக்கே திரும்பியது. சங்கிலிப்பாண்டி அசரவில்லை. பட்டாளத்தில் ரிசர்வ் என்று ஒன்று உண்டு. போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிற சங்கரேஸ்வரி இருக்கிறாளே, இருபத்திரண்டு வயது, நானூறு மீட்டரைக் குடித்துவிட்டு ஏப்பம் விடுகிறவள். பதினாலு பேருக்கும் அவளே ஊதிவிடுவாள். ஊத முடியாத ஆம்பிளைகளை முகாம் அன்றைக்கு வெளியூர் வேலைக்கு அனுப்பிவிட்டால் ஆயிற்று.

"என் மூச்சை நான் ஊதுனா என்ன?" என்று முப்பிடாதி கேட்டாள்.

"நீ ஊதுனா ஊரு மானம் போயிரும். பேசாம வீட்ல கெட."

அவள் பதிலுக்கு ஏதோ திட்ட ஆரம்பித்தாள். இருமல் வந்துவிட்டது.

முகாம் அன்று டாக்டர் ஜெயபிரியா சமுதாயக்கூடத்து உள்ளறையில் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, ஊதுகிற மிஷின் முன்னறையில் ஒரு டெக்னீஷியன் கையில் இருந்தது. அவன் கம்ப்யூட்டரைவிட்டுக் கண்ணை எடுக்காமல், பேர், வயது, உயரம் கேட்டு ஊதச் சொன்னான். அந்த வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டிய மூச்சுதான் மிஷின் கணக்கில் நூறு சதவீதம். சங்கரேஸ்வரி பதினாலு சேலை மாற்றி, பதினாலு தடவை முக்காட்டோடு வந்து ஊதினாள். பன்னிரண்டாவது தடவை அவன் நிமிர்ந்து பார்த்து, "ஒங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே மூக்கா இருக்கு" என்றான்.

"எல்லாம் சொந்தக்காரங்க சார்" என்றார் சங்கிலிப்பாண்டி.

அவர் மட்டும் ஊதவில்லை. ஏற்பாடு செய்கிறவன் வரிசையில் நிற்பது முறையல்ல என்று சொல்லிவிட்டார்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. அதை ஊருக்குச் சொன்னது ஆஸ்பத்திரி அல்ல, கிரஷர் கம்பெனி. பஸ் நிறுத்தத்தில் இருபதடி பேனர் ஏறியது. 'சுத்தமான காற்று! சுகமான மூச்சு! நூற்றுக்கு நூறு தேறிய பாறைக்குளம் மக்களுக்கு வாழ்த்துகள்!' ஒரு மூலையில் மெடலோடு சங்கிலிப்பாண்டி படம். அதற்குக் கீழே: 'ஊரிலேயே முதலிடம், திருமதி முப்பிடாதி, 142 சதவீதம்.' கௌரிசங்கர் லட்டோடு வந்து அவருக்குச் சால்வை போர்த்தினார். கைக்குட்டையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். சால்வையோடு சங்கிலிப்பாண்டி ஊரை மூன்று சுற்று வந்தார். முழுசாக அரை நாள் சந்தோஷமாக இருந்தார்.

மத்தியானம் உமாராணி பஸ்ஸைவிட்டு இறங்கினாள். பேனரைப் படித்தாள். பெட்டியை வீட்டில்கூட வைக்காமல் நேராக அவர் வாசலுக்கு வந்தாள்.

"மாமா, அத்தைக்கு நூத்தி நாப்பத்திரெண்டா?"

"ஊர்லயே அவதான் ஃபர்ஸ்ட்" என்றார்.

"அத்தையால அடிபம்புக்கு நடக்க முடியலை. ஓட்டப்பந்தயக்காரி மூச்சு இருக்குன்னு எழுதிக் குடுத்துருக்கீய. இனிமே எந்த டாக்டருகிட்டப் போனாலும் இந்தக் கடுதாசியத்தான் பாப்பாவ. மருந்து அட்டை அத்தைக்குக் கெடையாது. யாருக்குமே கெடையாது. ஊரே தேறிட்டு. தூசியால ஒரு கெடுதலும் இல்லன்னு இதைக் காட்டித்தான் ரெண்டாவது கிரஷருக்கு அனுமதி வாங்கப் போறாவ." அவள் பேனர் இருந்த பக்கம் கையை நீட்டினாள். "நாம குடுத்த மனுவை நாமளே பொய்யாக்கிட்டோம் மாமா. அவன் லட்டு குடுக்காம என்ன செய்வான்?"

உள்ளே முப்பிடாதி இருமிக்கொண்டிருந்தாள். ஒரு லட்டைப் பிட்டு வாயில் போட்டிருக்கிறாள், பொடி தொண்டையில் ஏறிவிட்டது. அவர் ஓடிப்போய் முதுகைத் தடவினார். அவள் கண்ணில் நீர் வழிய, கையில் கிடைத்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவருடைய சால்வை. தம்மை முட்டாள் என்று சங்கிலிப்பாண்டி அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக நினைத்தார். பட்டாளத்தில் பலபேர் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்தான், அப்போதெல்லாம் அவர் நம்பியதில்லை.

அன்று சாயங்காலமே மறுபடி மனு எழுதினார். இந்தத் தடவை உமாராணியிடம் காட்டாமல், தம் சொந்த நடையில் எழுதினார். 'மேற்படி சோதனையில் நாங்கள் தவறுதலாகத் தேறிவிட்டோம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஆகவே எங்களை மீண்டும் சோதித்து, முறைப்படி தோற்க வாய்ப்பளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.' மறுநாள் தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெயபிரியா அதை இரண்டு தடவை படித்தார். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எதிரே சங்கிலிப்பாண்டியோடு நின்ற உமாராணிக்குத் தெரிந்தது.

"எனக்கும் சந்தேகம்தான் ஐயா" என்றார் டாக்டர். "நாலடி பத்து உயரத்துல ஒரு அம்மா இப்படி ஊதவே முடியாது. அதோட பதினாலு பேருக்கு மிஷின் வரைஞ்ச கோடும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணா இருக்கு. மறுபடி வாரேன். ஆதார் அட்டையோட வரச் சொல்லுங்க. இந்தத் தடவை மிஷின்ல நானே இருப்பேன். ஆனா இதுதான் கடைசி, மூணாவது கேம்ப் கேட்டா எனக்கே வெக்கம்."

சங்கிலிப்பாண்டி ஊர் திரும்பி எல்லாரையும் கூப்பிட்டு ஒரே வரியில் உத்தரவு போட்டார். "இந்தத் தடவை ஒருத்தனும் தேறப்பிடாது."

அந்த ஒரு வரியோடு நிறுத்தியிருக்கக் கூடாது. பாறைக்குளத்துக்காரர்கள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர்கள் இல்லை. இரண்டாவது முகாம் அன்று சமுதாயக்கூடம் யுத்தகளம் மாதிரி இருந்தது. முதல் ஆளாக உட்கார்ந்த இசக்கிதுரை குழாயில் உஸ் என்று ஒரு மூச்சு விட்டுவிட்டு நாற்காலியோடு சாய்ந்து விழுந்தான். அடுத்து வந்த அம்மாள் ஊதுவதற்கு முன்பே மயங்கிவிட்டாள். நாலு பேர் தாங்கிப் பிடிக்க வந்த ஆள் ஒருவர், வாசல் தாண்டியதும் தம் சைக்கிளில் ஏறிப் போனார். சங்கரேஸ்வரிகூடப் பூனைக்குட்டி மாதிரி ஊதிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கௌரிசங்கர் கைக்குட்டைக்குள் சிரித்தார்.

முப்பது பேர் ஆனதும் டாக்டர் பேனாவை மூடினார்.

"ஐயா, இங்க வாங்க. இந்தத் திரையைப் பாருங்க. மூச்சு இல்லாதவங்க ஊதினா கோடு இப்படி வரும். மூச்சை வச்சுக்கிட்டு ஊதாம இருக்கறவங்களுக்கு இப்படி. மூணு தடவை ஊதச் சொன்னா மூணும் மூணு தினுசா இருக்கு. நடிச்சா மிஷின் காட்டிக் குடுத்துரும்." அவர் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. "இதை வச்சு நான் ஒண்ணும் எழுத முடியாது. நம்பத் தகுந்ததா இல்லைன்னு எழுதிட்டுப் போறேன். அப்படி எழுதினா பழைய ரிசல்ட்டுதான் நிக்கும்."

பழைய முடிவு நின்றால் என்ன ஆகும் என்பது கூடத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். கௌரிசங்கர் நாற்காலியைவிட்டு எழுந்து சட்டையை உதறிக்கொண்டார். சுவர் ஓரமாக உட்கார்ந்து ஆதார் அட்டையைக் கையில் பிடித்தபடி, தன் முறைக்காக முப்பிடாதி காத்திருந்தாள். அவள் நடிக்கவில்லை, அவளுக்கு நடிக்கத் தேவையும் இல்லை.

"நடிக்காம ஊத ஒரு ஆளு இருக்கா இந்த ஊர்ல?" என்று டாக்டர் கேட்டார்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு எல்லாரும் சங்கிலிப்பாண்டியைப் பார்த்தார்கள். தம் நெஞ்சு விஷயம் அவருக்குத் தெரியும். தையிலிருந்தே தெரியும். விசிலை வாயில் வைத்தால் சத்தத்துக்குப் பதிலாக இருமல் வந்த அன்றே தெரியும். ஆனால் தெரிவது வேறு, மிஷின் சொல்வது வேறு. மிஷின் சொல்லிவிட்டால் ஊருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் எதிலும் தோற்காத ஆள், ஊர்க்காரன் ஒவ்வொருவன் நெஞ்சையும் அளந்தவன். யுத்தமுனையில் நின்றவர் மாதிரி பேசியிருக்கிறார், நின்ற இடமெல்லாம் ஸ்டோர் ரூம் என்பது வேறு கதை. இந்தச் சின்னக் குழாய்க்கு முன்னால் நடக்க அவருக்குக் கால் எழவில்லை.

முப்பிடாதி இருமினாள். அவர் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பேரு சங்கிலிப்பாண்டி. வயசு அறுபத்தொண்ணு. உயரம் அஞ்சு எட்டரை. உள்ளதை ஊதுதேன்."

ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது, பாதியில் இருமல் வந்து குழாய் வாயைவிட்டு நழுவியது. டாக்டர் தண்ணீர் கொடுத்து, பொறுத்து, மறுபடி ஊதச் சொன்னார். ஊதினார். மூன்றாவது தடவையும் ஊதினார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் இல்லை என்பதைப் பார்க்க யாருக்கும் மிஷின் தேவைப்படவில்லை.

"மூணு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காருது" என்றார் டாக்டர் மெதுவாக. "இதுதான் நிஜம். ஐம்பத்தொரு சதவீதம்."

"பாஸ் மார்க் எவ்வளவும்மா?"

"எண்பதுக்குக் குறையாம இருக்கணும் ஐயா."

சங்கிலிப்பாண்டி எழுந்தார். ஊர்ப் பக்கம் திரும்பினார். அணிவகுப்பில் பெயர் வாசிக்கிற குரலில், அந்த ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தையைத் தாமே சொன்னார்.

"சங்கிலிப்பாண்டி, அன்ஃபிட்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் கேளுங்க. தேறவும் வேண்டாம், தோக்கவும் வேண்டாம். நெஞ்சுல என்ன இருக்கோ அதை ஊதுங்க. முதல்ல இசக்கிதுரை வாலே. விழாம ஊது."

அதற்குப் பிறகு யாரும் விழவில்லை. நூற்று ஒன்பது பேர் ஊதினார்கள், முப்பத்தேழு பேருக்குக் குறைவு. சங்கரேஸ்வரி தன் சொந்தப் பெயரில் நூற்றுப் பதினெட்டு ஊதினாள். இசக்கிதுரைக்கு நடிக்காமலே அறுபத்திரண்டு வந்தது, அவன் அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். முப்பிடாதி நாற்பத்தாறு. கௌரிசங்கர் போகும்போது கைக்குட்டையைச் சரியாக மடித்து மூக்கில் வைத்துக்கொண்டதை உமாராணி பார்த்தாள். "சார், நீங்களும் ஒரு ஊது ஊதிட்டுப் போங்க. மூணு வருசமா அங்கனதானே நிக்கீய" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உட்கார்ந்தார். எழுபத்தொன்று வந்தது. அதன்பிறகு அவர் டீக்கடையில் எந்த லட்சணத்தைப் பற்றியும் பேசவில்லை.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. இரண்டாவது கிரஷருக்கு அனுமதி இல்லை. முதல் கிரஷர் மூடி போட்டு, தண்ணீர் தெளித்துத்தான் ஓட வேண்டும், லாரிக்குத் தார்ப்பாய் போட வேண்டும். தண்ணீர் லாரி வாரத்தில் நாலு நாள் தானாக வருகிறது, மூன்று நாள் உமாராணி போன் செய்தால் வருகிறது. எருமைகள் பாதி கறுத்திருக்கின்றன. பஸ் நிறுத்தத்துப் பேனரை இசக்கிதுரை அவிழ்த்து வைக்கோல் படப்புக்கு மேல் போட்டிருக்கிறான், மழை பெய்தால் முப்பிடாதியின் நூற்று நாற்பத்திரண்டு நன்றாகக் கழுவப்படுகிறது.

மருந்து அட்டையோடு இருவருக்கும் மருந்தை வாயால் உறிஞ்சுகிற இன்ஹேலர் பம்பு கொடுத்தார்கள். போன மூச்சு முழுசாகத் திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், இழுப்பு குறையும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். காலையும் மாலையும் சங்கிலிப்பாண்டி கையைத் தட்டுவார், இருவரும் ஒன்றாக இழுத்துப் பத்து எண்ணுவார்கள்.

ஒரு நாள் காலையில் பம்பு இழுத்து முடித்துவிட்டு, முப்பிடாதி இரண்டு சோதனைத் தாளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"ஊரையே சாம்பலை ஊத வச்சு, எம்பேர்ல ஊரான் வீட்டுப் பிள்ளைய ஊத வச்சு, இருபதடிக்கு எம்பேரைக் கட்டித் தொங்கவிட்டு, பொறவு அத்தனை பேரையும் மயங்கி விழவச்சு, அம்புட்டும் செஞ்சிட்டு ஒங்க நெஞ்சு கெட்டுக் கெடக்கதை மட்டும் தெருநாய் மேல பழியப் போட்டு எங்கிட்ட மறைச்சுருக்கீய, இப்பப் பாருங்க, எனக்கு நாப்பத்தாறு, ஒங்களுக்கு அம்பத்தொண்ணு, ரெண்டையும் கூட்டினா தொண்ணூத்தேழு, ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேத்தாலும் ஒரு முழு ஆளு தேறலை."

நடுவில் அவள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. சங்கிலிப்பாண்டி விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.